அகர் அகரில் வளர்ந்த கை

என் மருமகள் செல்வியின் படத்துக்கு மாலை போட்டு ஹாலில் வைத்திருந்தோம். படத்துக்குக் கீழே ஒரு விளக்கு. விளக்குக்குப் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். செம்புக்குப் பக்கத்தில், மூடி போட்டு ஓரத்தில் டேப் சுற்றிய ஒரு வட்டக் கண்ணாடித் தட்டு. அந்தத் தட்டுக்குள் ஒரு கை வளர்ந்துகொண்டிருந்தது.

வளர்ந்துகொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கொண்டுவந்து வைத்த அன்றைக்கு வெறும் பொட்டுப் பொட்டாகத்தான் இருந்தது. ஜவ்வரிசியைக் கொண்டு கோலம் போட்ட மாதிரி ஐந்து விரலும் ஓர் உள்ளங்கையும். மறுநாள் பொட்டுகள் பெருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதற்கடுத்த நாள் கட்டைவிரலின் அடியில் பச்சையாக ரோமம் முளைத்தது. மூடியின் உள்பக்கம் வேர்த்திருந்தது, உள்ளே யாரோ மூச்சு விடுகிற மாதிரி.

எங்கள் தாமான் குடியிருப்புப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அதன் முன்னால் நின்று கும்பிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கோமளா முட்டி போட்டு அழுதாள். எத்தனை பேருக்கு ஆக்கிப் போட்ட கை, என்ன ருசியான கை என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

என் பேத்தி, செல்வியின் மகள் ஷாமினி மட்டும் அந்தப் பக்கமே திரும்பவில்லை. தட்டைக் கொண்டுவந்தவள் அவள்தான். அதைக் காலேஜுக்குத் திருப்பிக் கொண்டுபோகாவிட்டால் கிடைக்கவிருந்த லேப் வேலை கைவிட்டுப் போகும். கொண்டுபோனால் அந்தக் கையை அவளே அவித்துக் கொல்ல வேண்டும்.

போன வாரம் இந்தப் பத்தியில் என் கல்யாணத்தில் மாப்பிள்ளை தொலைத்த செருப்பைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துச் சிரித்தவர்கள் இந்த வாரம் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். அடக்கமாக இருப்பது எனக்கும் பழக்கமில்லாத வேலைதான்.

சீனி டின்னின் அடியில்

ஷாமினி சுங்கைப் பட்டாணியில் ஒரு காலேஜில் படித்தாள். பயோடெக் என்பார்கள். லேபில் வேலை செய்யக் கற்றுக் கொடுக்கும் படிப்பு. அங்கே என்னதான் செய்வாய் என்று ஒரு நாள் கேட்டேன்.

"கண்ணுக்குத் தெரியாததை வளர்க்கணும், எண்ணணும், அப்புறம் கொல்லணும் பாட்டி."

"உங்கப்பன் தலையில பேன் பார்த்தப்ப நானும் அதைத்தான்லா செஞ்சேன். எனக்கு ஒருத்தனும் சர்ட்டிபிகேட் குடுக்கல."

காலேஜில் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் அவள் வீட்டிலும் செய்து பழகுவாள். தட்டுக்குப் பேர் எழுதினால் மூடியில் எழுதக் கூடாதாம். மூடி மாறிப் போகுமாம். அடியில்தான் எழுத வேண்டுமாம். அதனால் எங்கள் வீட்டு டின்களுக்கும் அடியில் பேர் எழுதி வைத்தாள். உப்பு எது, சீனி எது என்று தெரிந்துகொள்ள நான் டின்னைத் தலைகீழாகத் தூக்கிப் பார்த்தேன். மூடி சரியாக இல்லாத டின் ஒன்று தன் பேரைக் காட்டிவிட்டுத் தலையிலேயே கொட்டியது.

வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழக வேண்டும் என்று என்னை அதிகாரியாக உட்கார வைப்பாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானும் உட்காருவேன். அவள் இங்கிலீஷில் சொல்லும் பதில் ஒன்றும் எனக்குப் புரியாது. ஒவ்வொன்றுக்கும் சம்பளம் கட் என்று தீர்ப்பு சொல்வேன். கையுறை செய்கிற கிளவ் பேக்டரியின் சட்டையோடு சமையல்கட்டில் நிற்கும் செல்வி கரண்டியோடு எட்டிப் பார்ப்பாள்.

"அத்தை, உங்ககிட்ட வேலைக்கு வர்றவ கடைசியில நமக்குத்தான் காசு கட்டிட்டுப் போகணும் போல."

எனக்குச் சரியாக வாயாடக் கூடியவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

கை வைத்த நாள்

படித்ததை ஊர் ஜனங்களுக்கு விளக்கிச் சொல்லத் தெரிய வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை திகாம் பத்து கோயில் மண்டபத்தில் பிள்ளைகளை நிற்க வைத்தார்கள். அவர்களுக்குப் பாடம் எடுப்பவர் மிஸ் ஃபரீதா. நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர் வீட்டுப் பெண். நம்மைப் போலவே தமிழ் பேசுவார். பேச்சில் உப்பு காரம் சரியாக இருக்கும்.

மேசை நிறையத் தட்டுகள். உள்ளே இருந்தது வேறொன்றுமில்லை, நாம் பெருநாளுக்குக் காய்ச்சி ஆற வைக்கிற அகர் அகர் கடல்பாசிதான். கிருமிக்குப் பிடித்தமாதிரி கொஞ்சம் எலும்புச் சாறு சேர்த்திருப்பார்களாம். அதில் கையை அழுத்திவிட்டு எடுத்தால் ஒன்றும் தெரியாது. தட்டை மூடி, சூட்டுப் பெட்டியில் வைத்தால் கையில் இருந்த கிருமியெல்லாம் முளைத்து, கை மாதிரியே வளர்ந்து நிற்கும். சோப்பு போடாதவர்களுக்கு வெட்கம் வரட்டும் என்று செய்கிற வித்தை.

செல்வி வேலை முடிந்து நேராக வந்து வலது கையை வைத்தாள். எனக்கு வலது கையில் வடை இருந்தது. அதனால் இடது கையை வைத்தேன்.

என் இடது கைச் சுண்டு விரலுக்கு நுனி கிடையாது. புக்கிட் செலம்பாவ் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டிய காலத்தில், மழை விட்ட ஒரு காலையில் கத்தி வழுக்கிவிட்டது. நுனி பால் கோப்பைக்குள் விழுந்தது. வெள்ளைப் பால் சிவப்பாகக் கலங்கியதைப் பார்த்து கங்காணி அதைக் கீழே ஊற்றச் சொன்னார். என் வீட்டுக்காரர் அந்த நுனியை மட்டும் எடுத்து மரத்தடியில் புதைத்தார். அதற்குப் பிறகு அந்த மரத்தில் பால் கூடியது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய்தான். ஆனால் மற்றவர்கள் அந்த மரத்தைக் கடக்கும்போது கொஞ்சம் விலகித்தான் நடந்தார்கள்.

கைகள் முளைத்தபோது, மண்டபத்தில் வைத்த அத்தனை கையிலும் அழுக்கான கை என்னுடையது என்று தெரியவந்தது. புதுப் பிள்ளைகளுக்குக் காட்ட உதவும் என்று மிஸ் அதைத் தனியாகக் குளிர்ப்பெட்டியில் எடுத்து வைத்தாராம். வீட்டில் சொன்னதும் செல்வி சிரித்துப் புரண்டாள். நான் ஆறாம் கிளாஸைத் தாண்டவில்லை, அத்தை கை காலேஜுக்கே போய்விட்டது என்றாள்.

அதற்குச் சில நாள் கழித்து, ஒரு நாள் காலை ஷிப்டில் செல்வி பேக்டரியில் கீழே விழுந்தாள். தலைக்குள் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போது எல்லாம் முடிந்திருந்தது.

மாவுத் தட்டு

நம் ஜனங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் போன எட்டாம் நாள் படையல் போட்டுவிட்டு, ஒரு தாம்பாளத்தில் சலித்த மாவைப் பரப்பி, மேலே கூடையைக் கவிழ்த்து வைப்பார்கள். காலையில் கூடையைத் தூக்கினால் மாவில் ஏதாவது தடம் இருக்கும். போனவர் வந்து போனார் என்று அர்த்தம்.

என் வீட்டுக்காரர் செத்தபோது எஸ்டேட் லயத்து வீட்டில் இதைச் செய்தோம். காலையில் பார்த்தால் கோழிக்கால் தடம். கோழியாகப் பிறந்துவிட்டார் என்று எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்த வீட்டுக் கோழி கூடைக்குள் மாட்டியிருந்ததும், விடியும் முன் நான் அதை விரட்டிவிட்டதும் எனக்கு மட்டும் தெரியும். ஆனாலும் அந்தக் கோழியை அறுக்க நான் விடவில்லை. அதுவும் என்னைப் பார்த்தால் ஒரு மாதிரியாகத்தான் தலையைச் சாய்க்கும்.

செல்விக்கும் மாவு சலித்தார்கள். என் மகன் சேகர் லோரி ஓட்டுகிறவன், அதிகம் பேச மாட்டான். அவன் மாவைப் பார்த்தபடி மகளிடம் கேட்டான்.

"அம்மா கை வச்ச தட்டு உங்க காலேஜுல இருக்குல்ல? இந்த மாவெல்லாம் வேணாம். அதைக் கொண்டு வாம்மா."

ஷாமினி முகத்தில் ரத்தமே இல்லை. துக்கம் என்று நினைத்தேன். மறுநாள் சாப்பாட்டுப் பையில் வைத்துத் தட்டைக் கொண்டுவந்தாள். யாரும் திறக்கக் கூடாது, டேப்பைத் தொடக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். குளிரில் இருந்த கைக்கு விளக்குச் சூடு பட்டது. வளரத் தொடங்கியது.

மிஸ் பார்த்த இடம்

துக்கம் கேட்க மிஸ் ஃபரீதா வந்தார். ஹாலில் கால் வைத்தவர் தட்டைப் பார்த்துவிட்டு நின்றார். உட்கார்ந்திருந்த ஆண்களுக்கு ஒரு வணக்கம் வைத்தார். தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தை அல்ல. மடியில் கிடந்த என் இடது கையை.

அப்புறம் ஷாமினியை வாசலுக்கு அழைத்துப் போனார். காது நன்றாகக் கேட்கிற கிழவிக்கு ஜன்னல் எதற்கு இருக்கிறது?

"திறக்கலையே?"

"இல்ல மிஸ்."

"புதன்கிழமை பரீட்சைக்கு வெளியாள் வராங்க. நீயே கொண்டு வரணும், நீயே ஆட்டோக்ளேவ்ல வைக்கணும். கொஞ்ச நாளாவே நீ அந்த மிஷின் பக்கம் போறதில்ல, உன் முறைய மத்தவங்க தலையில கட்டுற. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். வளர்த்ததைக் கொல்லத் தெரியாதவங்களை அலோர் ஸ்டார் லேப் வேலைக்கு அனுப்ப முடியாது, ஷாமினி."

ஆட்டோக்ளேவ் என்றால் இடுப்பளவு உயரத்தில் ஒரு பிரஷர் குக்கர். வளர்த்த கிருமியை அதில் அவித்துச் சாகடித்த பிறகுதான் குப்பைக்கு அனுப்ப வேண்டுமாம்.

மிஸ் போன பிறகு நான் படத்தின் முன்னால் குனிந்து முதல் முறையாகச் சரியாகப் பார்த்தேன். சுண்டு விரல் கட்டையாக இருந்தது. பக்கத்தில் என் கையைக் கொண்டுபோனேன். அதே இடத்தில் முடிந்தது.

மாலை, விளக்கு, படையல், கோமளாவின் கண்ணீர், அத்தனையும் எனக்கு. வேறு நாளாக இருந்தால் கோமளாவிடம் போய், ருசியான கை என்று சொன்னாயே, அதை இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டிருப்பேன். அன்றைக்கு என் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டேன். நம் கைக்கு நம் கண் முன்னாலேயே பூசணம் பூத்து, அதன் தலைமாட்டில் விளக்கும் எரிகிறதைப் பார்க்கும்போது முதுகில் ஒரு குளிர் ஊர்கிறது. வெயில் கொளுத்திய மத்தியானம் அது.

அரிசி கழுவிய தண்ணீர்

ஷாமினி குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் முன்னால் என் இடது கையை விரித்துக் காட்டினேன்.

"இந்த விரலை எங்கயாச்சும் பார்த்திருக்கியா?"

தண்ணீர் பானையை மீறி வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை.

"அம்மா தட்டு இல்ல பாட்டி. அது அன்னைக்குக் காலையிலயே முடிஞ்சிருச்சு. என் டூட்டி. அடியில அம்மா பேரு இருந்துச்சு, படிச்சுப் பார்த்துட்டுத்தான் உள்ள வச்சேன். சூடு ஏறிக்கிட்டு இருக்கும்போதே அப்பா போன் பண்ணாரு, அம்மா விழுந்துட்டாங்கன்னு."

அப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், மிச்சமிருந்த ஒரே கையைக் கொண்டுவந்திருக்கிறாள்.

"மிஸ் சொல்லிக் குடுத்தது எல்லாம் தெரியும் பாட்டி. தட்டுல இருக்கறது கிருமி, கை இல்ல. பரீட்சையில கேட்டா நல்லாவே எழுதுவேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆனா இப்ப அங்க இருக்கறது உங்க கை."

இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல வாயெடுத்தேன். விளக்கு வைத்த பிறகு நகம் வெட்டினால் திட்டுகிறவள் நான். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டவளும் நான். எந்த முகத்தோடு சொல்வது?

"புதன்கிழமை நானும் வர்றேன்" என்றேன்.

"எங்க?"

"உன் காலேஜுக்கு. என் கண் முன்னாலயே வை. செத்துட்டேன்னா உன் தப்பு. சாகலேன்னா மிஸ் வீட்டுக் கடையில எனக்கு நாசி கண்டார். கோழி பெரிய துண்டா இருக்கணும்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் குழாயை மூடினாள்.

வாய் வீரம் பேசிவிட்டேனே தவிர, அதற்குப் பிறகு இடது கையை அடுப்பின் பக்கம் கொண்டுபோகவே எனக்குப் பிடிக்கவில்லை. தினமும் எழுந்ததும் தட்டைத்தான் பார்த்தேன். பூசணம் விரல்களைத் தாண்டிப் படரத் தொடங்கியிருந்தது. கட்டைச் சுண்டு விரல் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. செவ்வாய்க்கிழமை பார்த்தபோது, மரத்தடியில் புதைத்த அந்த நுனி அங்கே முளைத்து நின்றது. வெள்ளையாக, மெத்தென்று, நகமில்லாமல்.

காடியில் ஏறும் முன்

புதன்கிழமை காலையில் தட்டைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், சேகர் காரைத் துடைத்துவிட்டுக் காடிச் சாவியோடு நிற்கிறான். லோரிக்குப் போயிருப்பான் என்று நினைத்திருந்தேன். ஷாமினி என் பின்னால் ஒளிந்தாள். சொல்லலாம் என்று பொய் ஒன்றை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தேன். அவன் பையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அது உங்க விரல்தானேம்மா."

எனக்குப் பொய் மறந்துவிட்டது.

"மொத நாளே தெரியும். அந்த விரலைப் பிடிச்சுக்கிட்டுத்தானே நான் ஆயாக் கொட்டகைக்குப் போவேன்."

நாங்கள் பால் வெட்டப் போகும்போது எஸ்டேட் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. இருட்டோடு இழுத்துக்கொண்டு போவேன், அழுதுகொண்டே வருவான்.

"தெரிஞ்சுமாடா கும்புட்ட?"

"கும்புட ஏதாச்சும் ஒரு கை வேணும்லம்மா."

சேகர் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். நான்தான் பேச வேண்டியிருந்தது.

"உசுரோட இருக்கறவளுக்குப் படையல் போட்டிருக்க. அந்தக் கோழிக் குழம்பையாச்சும் என் பக்கம் தள்ளியிருக்கலாம்லா."

அவன் சிரித்தான். செல்வி போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. பாதியில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. ஷாமினி ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள். செல்வியின் தட்டு என்ன ஆனது என்று அவன் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்திருக்கும். காடியை எடுத்தான்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

மிஸ் எனக்கு நடையில் ஒரு நாற்காலி போட்டார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் லேப். டை கட்டிய ஒருவர் கோப்போடு நின்றார், இந்தக் கதை எதுவும் தெரியாமல்.

ஷாமினி வெள்ளைக் கோட்டு போட்டு, முடியைக் கட்டி, வாயை மூடி, கையில் கிளவ் மாட்டியிருந்தாள். கண் மட்டும்தான் தெரிந்தது. அது செல்வியின் கண். தட்டைத் தூக்கினாள். அடியில் எழுதியிருந்த பேரைப் படித்தாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். உள்ளே வைத்து, மூடியை இறுக்கி, பொத்தானை அமுக்கினாள்.

அழுத்தம் காட்டும் முள் ஏற ஏற அவள் அதைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். மிஸ் லேசாக இருமினார். முள்ளைப் பார்த்தாள். மறுபடியும் என்னை. தலையைச் சாய்த்துச் செத்த மாதிரி நடிக்கலாமா என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது. என் புத்தி அப்படிப்பட்டது. ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு, வலது கையை மட்டும் தூக்கி ஆட்டினேன்.

உஸ் என்று ஆவி சீறியது. கதவிடுக்கு வழியாக ஒரு வாசனை வந்தது. கஞ்சியும் எலும்புச் சாறும் சேர்ந்து வேகிற வாசனை. அது எதன் வாசனை என்று யோசிக்காமல் இருக்க முயன்றேன். இடது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டேன்.

அது முடிய நேரம் பிடித்தது. ஆற இன்னும் நேரம் பிடித்தது. டை கட்டியவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அலோர் ஸ்டாருக்கு உன் பேரைக் கொடுக்கிறேன் என்று மிஸ் சொன்னார். ஷாமினி கிளவைக் கழற்றிப் போட்டு, சொல்லிக் கொடுத்தபடி முழங்கை வரைக்கும் கழுவிவிட்டு வெளியே ஓடி வந்தாள். சேலைக்குள் இருந்த என் இடது கையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லையே பாட்டி?"

"பசிக்குது."

"கை ஏன் இவ்ளோ சூடா இருக்கு?"

"உன் கை தண்ணியில நனைஞ்சு சில்லுன்னு இருக்கு. அதான் உனக்கு அப்படித் தெரியுது."

அவள் நம்பினாள். முகம் தெளிந்து, பிடித்த கையை விடாமல் கடைக்கு அழைத்துக்கொண்டு போனாள். கோழி பெரிய துண்டாகத்தான் இருந்தது.

அவளிடம் சொன்னதை நானும் நம்பியிருப்பேன். ஆனால் அவள் பிடித்திருந்தது உள்ளங்கையை. எனக்குச் சூடு தெரிந்தது அங்கே இல்லை. சுண்டு விரலுக்கு மேலே, ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில்.